ஓடாத ஏ.சி.யைக் கழற்றுவோம், கம்ப்யூட்டர் துணையோடு

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் படம் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்பார்கள், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புவார்கள். அதன் பிறகு "இதில் வேறென்ன செய்யலாம் தம்பி?" என்று கேட்பார்கள். வழக்கமாக ஏதாவது ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த மாதம் ஒரு வேலையையே சொல்கிறேன். மதுரை பசுமலையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1998-ம் வருட மாருதி 800 காரில், பத்து வருடத்துக்கு மேலாக ஓடாமல் கிடந்த ஏ.சி. கம்ப்ரஸரைக் கழற்றிய வேலை அது. ஸ்பேனர் பிடித்த நேரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் மவுஸும் பிடித்தேன்.

கார் இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். மிக்ஸியோ, தண்ணீர் மோட்டாரோ, பழைய தையல் மெஷினோ, எதைக் கழற்றி மாட்டினாலும் இதில் உள்ள கம்ப்யூட்டர் வேலை அப்படியே பொருந்தும்.

ஓடாத பொருள் ஏன் சத்தம் போடுகிறது?

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் முதல்முதலாக விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுவிட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். இத்தனை சிறிய இன்ஜினில் ஏ.சி.யைப் போட்டால் மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். அதனால் அப்பா ஏ.சி. பொத்தானை அழுத்துவதே அபூர்வம். கேஸ் கசிந்து தீர்ந்தபோது, "போகட்டும், கண்ணாடியை இறக்கினால் காற்று வரப்போகிறது" என்று விட்டுவிட்டார்.

ஏ.சி. நின்றுவிட்டது. ஆனால் கம்ப்ரஸர் முழுவதுமாக நின்றுவிடவில்லை. இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

இன்ஜினின் கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் கம்ப்ரஸரின் புல்லிக்கு வருகிறது. இன்ஜின் ஓடும் வரை அந்தப் புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் கம்ப்ரஸர் மட்டும் சுற்றாது. பொத்தானை அழுத்தினால் 12 வோல்ட் மின்சாரம் ஒரு செம்புக் கம்பிச் சுருளுக்குப் போய், அது காந்தமாகி, முன்னால் உள்ள தட்டை 'டக்' என்று புல்லியோடு ஒட்ட வைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸர் சுற்றும். இந்த அமைப்புக்குக் காந்தக் கிளட்ச் என்று பெயர். ஆக, நீங்கள் ஏ.சி.யைத் தொடாவிட்டாலும் புல்லியும் அதற்குள் இருக்கும் பேரிங்கும் வருடக்கணக்கில் சுற்றித் தேய்கின்றன. எங்கள் வண்டியில் தேய்ந்து, கொசு ரீங்காரம் போல ஆரம்பித்து, கடைசியில் அம்மி அரைப்பதுபோல் ஆகிவிட்டது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் இதே கூத்து உண்டு. கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். என்றோ ஒரு நாள் நிறுவிவிட்டு மறந்துபோன புரோகிராம்கள் வரிசையாக நிற்கும். நீங்கள் திறக்காவிட்டாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அவையும் எழுந்து பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். வேண்டாததை ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்தால் போதும். பெல்ட்டைக் கழற்றியது போல.

பெல்ட்டை மட்டும் அறுத்தால் போதாதா?

பழங்காநத்தத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பானெட்டைத் திறந்து பார்த்தவர் முதலில் சொன்னது இதைத்தான். "தம்பி, ஏ.சி. பெல்ட்ட மட்டும் அறுத்து விட்டா சத்தம் நின்னுரும்ல? எதுக்கு இம்புட்டு வேலை?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. இந்த யோசனைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939-ல், 1940-ம் ஆண்டு மாடல் காரில் ஏ.சி.யைக் கொண்டுவந்தது. அதில் கிளட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸரும் ஓடும். குளிர் போதும் என்று நினைத்தால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! அந்த ஏ.சி. 1941-க்குப் பிறகு வரவில்லை.

எங்கள் வண்டியில் ஏ.சி.க்குத் தனி பெல்ட். ஆல்டர்னேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் வேறு பெல்ட். ஆகவே ஏ.சி. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் வண்டியும் இப்படி இருந்து, சத்தம் மட்டும்தான் தொந்தரவு என்றால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செலவே இல்லை.

நாங்கள் நிறுத்திக்கொள்ளாததற்குக் காரணம் வேறு. கம்ப்ரஸரைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட்டில் ஒரு போல்ட்டைக் காணோம். இன்னொன்றின் துளை ஆடி ஆடி முட்டை வடிவமாகிவிட்டது. ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் அது. ஓடும்போது பிடி விட்டால் பக்கத்தில் உள்ள ரப்பர் குழாயிலோ பெல்ட்டிலோ மோதும். அப்பாவும் அம்மாவும் அந்த வண்டியில்தான் மாதம் ஒரு முறை மேலூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார்கள். "நாலுவழிச் சாலையில லாரிக்கு முன்னால நின்னு போனா என்னண்ணே பண்றது?" என்று கேட்டேன். அண்ணன் பிராக்கெட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார். "கழட்டிருவோம்" என்றார்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. எல்லா வண்டியிலும் தனி பெல்ட் இருக்காது. சில வண்டிகளில் ஒரே பெல்ட் கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சுற்றி வரும். அதை அறுத்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது, தண்ணீர் சுற்றாது, சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்துவிடும். அந்த வண்டிகளில் கம்ப்ரஸர் இருந்த இடத்தில் வெறும் புல்லி ஒன்றைப் பொருத்த வேண்டும், அல்லது நீளம் குறைந்த பெல்ட் போட வேண்டும். இதற்குப் பிறகு வருவோம்.

முதல் வேலை: கேஸ்

ஸ்பேனரைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏ.சி. ஓடவில்லை என்பதற்கு உள்ளே கேஸ் இல்லை என்று அர்த்தமில்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கேஸ் முழுசாக இருக்கலாம். ஆர்134ஏ என்ற கேஸ் உள்ள வண்டி 35 டிகிரி வெயிலில் சும்மா நின்றாலே உள்ளே சதுர அங்குலத்துக்கு சுமார் 115 பவுண்ட் அழுத்தம் இருக்கும். கார் டயரில் நாம் வைக்கும் காற்று 30 பவுண்ட் சுமார்தான். அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். மதுரையின் சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் இன்னும் கூடும். அந்த நிலையில் குழாய் போல்ட்டைத் திருகினால் திரவம் பீய்ச்சி அடிக்கும். அது கொதிப்பதே மைனஸ் 26 டிகிரியில். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

அதனால் கார் ஏ.சி. கடைக்குக் கொண்டுபோய் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் இருந்தால் மெஷின் வைத்து உறிஞ்சி சிலிண்டரில் எடுக்கச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிடச் சம்மதிக்காதீர்கள். இன்னும் பழைய வண்டிகளில் ஆர்12 என்ற கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பது. அந்த வகைக் கேஸ்களை ஒழிக்க 1987-ல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் ஆனது, இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. ஆர்134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமை உள்ளது. எந்தக் கேஸ் என்று கேஸ் ஏற்றும் வாயைப் பார்த்தே சொல்லலாம். ஆர்12 என்றால் திருகு மரை இருக்கும். ஆர்134ஏ என்றால் அழுத்தி மாட்டும் வழவழப்பான வாய்.

எங்கள் வண்டியில் மீட்டர் முள் அசையவே இல்லை. காலி.

இரண்டாவது வேலை: போட்டோவும் போல்டரும்

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கு முன்னும், ஒவ்வொரு வயரைப் பிடுங்கும் முன்னும் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. கிட்டத்தில் மட்டும் எடுத்தால் பிறகு பார்க்கும்போது அது எந்த மூலை என்றே தெரியாது. நான் மொத்தம் 41 படம் எடுத்தேன், இன்னும் எடுத்திருக்கலாம்.

இப்போது செல்போனை யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டரில் இணையுங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் திரையில் 'சார்ஜிங் மட்டும்' என்று காட்டும்; அதை 'பைல் டிரான்ஸ்பர்' என்று மாற்றுங்கள். கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி' திறந்து, போனின் பெயர் மேல் டபுள் கிளிக் செய்து, 'டி.சி.ஐ.எம்.' என்ற போல்டருக்குள் 'கேமரா' என்பதைத் திறங்கள். உங்கள் படங்கள் அங்கே இருக்கும். வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, கம்ப்யூட்டரில் ஒரு புதிய போல்டருக்குள் பேஸ்ட் செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். நான் கட் செய்தேன். அதன் பலனைக் கீழே பார்க்கப் போகிறீர்கள்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் சுலபமாயிற்றே?" என்று கேட்பீர்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் கழன்றுவிடும். நமக்கு இரண்டுமே வேண்டும். கேபிள்தான் நல்லது.

போல்டரில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'சார்ட் பை' என்பதில் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். முதலில் எடுத்தது மேலே வரவேண்டும். கன்ட்ரோலும் 'ஏ'யும் சேர்த்து அழுத்தினால் எல்லாப் படமும் தேர்வாகும். இப்போது எப்2 பட்டனை அழுத்தி 'கம்ப்ரஸர்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 41 படமும் 'கம்ப்ரஸர் (1)', 'கம்ப்ரஸர் (2)' என்று தானாகப் பெயர் மாறி நிற்கும். ஆமாம், தமிழிலேயே பெயர் வைக்கலாம், விண்டோஸ் மறுக்காது. தவறாகிவிட்டால் கன்ட்ரோல், இசட். பெயர் மாறினாலும் படம் எடுத்த நேரம் மாறாது. ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டீடெய்ல்ஸ்' பாருங்கள். மணி, நிமிடம் வரை இருக்கும்.

மூன்றாவது: ஒரு அட்டவணை

எக்ஸெல் இருந்தால் அது. இல்லையென்றால் காசு கொடுக்க வேண்டாத லிப்ரே ஆபீஸில் 'கால்க்' இருக்கிறது. ஒரு புதிய ஷீட் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். நான் வைத்தவை: வரிசை எண், பொருள், போல்ட் எத்தனை, போல்ட் நீளம், படம் எண், இப்போது எங்கே இருக்கிறது, வேறு எதோடு சேர்ந்திருக்கிறது.

கழற்றக் கழற்ற ஒவ்வொரு வரியாக நிரப்ப வேண்டும். போல்ட் நீளம் எதற்கு என்று தோன்றும். ஒரே தடிமனில் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இருக்கும். குட்டைத் துளையில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் இன்ஜின் பிளாக் உள்ளே விரிசல் விடலாம். அண்ணன் இதை அனுபவத்தில் கையாலேயே கண்டுபிடிப்பார். நமக்கு ஷீட் வேண்டும்.

கடைசித் தலைப்பு இருக்கிறதே, 'வேறு எதோடு சேர்ந்திருக்கிறது' என்பது, அதை நான் பாதி இடங்களில் காலியாக விட்டுவிட்டேன். அலுப்புதான் காரணம்.

கழற்றிய விதம்

இது சுருக்கமாக. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றினோம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லியின் போல்ட்டைத் தளர்த்தியதும் ஏ.சி. பெல்ட் கையோடு வந்தது. கிளட்ச் வயரின் சாக்கெட்டைப் பிடுங்கினோம். கம்ப்ரஸரில் வந்து சேரும் இரண்டு குழாய்களையும் எடுத்து, வாய்களில் பாலிதீன் பை வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினோம். குப்பையும் ஈரமும் உள்ளே போனால் பிறகு ஏ.சி.யைத் திரும்ப மாட்டுவது என்பது கனவாகிவிடும். அதற்குப் பிறகு கம்ப்ரஸரின் போல்ட்டுகள், கடைசியாகப் பிராக்கெட்.

கம்ப்ரஸர் கைக்கு வந்தபோது அண்ணன் புல்லியை விரலால் சுற்றிக் காட்டினார். மணல் அள்ளியது போல் கரகரவென்றது.

பிராக்கெட்டைக் கழற்றும்போது ஒரு கவனம். சில வண்டிகளில் அதே போல்ட்டுதான் ஆல்டர்னேட்டரையோ வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கும். பிராக்கெட்டின் கனம் போனதால் பழைய நீள போல்ட் அங்கே பொருந்தாது. வாஷரோ சரியான நீளமுள்ள போல்ட்டோ போட வேண்டும்.

கார்புரேட்டர் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. ஏ.சி. போட்டால் இன்ஜின் சுமை கூடி அணைந்துவிடாமல் இருக்க, ஐடிலிங்கை ஏற்றிவிடும் சிறு கருவி ஒன்று வேக்குவம் குழாயோடு இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. கழற்றினால் குழாய் வாயை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று இழுத்து, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி உதறும். உள்ளே டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலை நாங்கள் தொடவில்லை. அதைத் தொட்டால் டாஷ்போர்டு முழுவதும் இறங்கும். புளோயர் வெறும் காற்றுக்காவது உதவுகிறது, இருக்கட்டும்.

ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏ.சி. கண்டன்ஸரை மட்டும் எடுத்துவிட முடிவு செய்தேன். காற்றை மறைக்கிறது, அதன் இடுக்கெல்லாம் பூச்சியும் தூசியும். அதோடு அதன் மின்விசிறியையும் எடுத்தேன். இது அண்ணன் போன பிறகு, நானாகச் செய்தது.

திருப்பரங்குன்றத்தில் நின்ற கதை

மறுநாள் மாலை வண்டியை எடுத்துக்கொண்டு திருமங்கலம் வரை போய்வரலாம் என்று கிளம்பினேன். சத்தமே இல்லை. சந்தோஷமாக ஓட்டினேன். திருப்பரங்குன்றத்தில் அன்று கார்த்திகை. முருகன் கோவிலுக்கு வந்த கூட்டத்தில் வண்டி அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது. ஏழெட்டு நிமிடத்தில் வெப்ப முள் ஏற ஆரம்பித்தது. நடுவைத் தாண்டி, சிவப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இன்ஜினை அணைத்தேன். இரண்டு பேர் உதவியோடு ஓரமாகத் தள்ளினேன். பானெட்டைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் மின்விசிறி சுற்றவில்லை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று போதும், நிற்கும்போதுதான் விசிறி வேண்டும். அதனால்தான் இதுவரை தெரியவில்லை. (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமானாலும் ஆறவிடுங்கள்.)

கீழே ஒரே மாதிரி இரண்டு இரட்டைப் பின் சாக்கெட்டுகள் தொங்கின. எது எதற்கு என்று நினைவில்லை. போனை எடுத்தேன், படம் பார்க்கலாம் என்று. படம் இல்லை, கட் செய்துவிட்டேனே! வீட்டுக்குப் போன் போட்டேன். தங்கை எடுத்தாள்.

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்மா. டெஸ்க்டாப்ல 'கார் ஏ.சி.'ன்னு போல்டர் இருக்கும்."

"இருக்குண்ணே."

"ஷீட்டைத் திற. 'கண்டன்ஸர் விசிறி'ன்னு ஒரு வரி இருக்கும். படம் எண் என்ன போட்டிருக்கு?"

"முப்பத்தி நாலு. பக்கத்துல 'வேறு எதோடு'ன்னு இருக்குற கட்டம் காலியா இருக்கு."

"அது தெரியும். முப்பத்தி நாலைத் திறந்து, கன்ட்ரோலை அழுத்திக்கிட்டு மவுஸ் சக்கரத்தை உருட்டு. பெரிசாகும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்: "ரெண்டு சாக்கெட் இருக்குண்ணே. உள்பக்கம் இருக்கறதோட வயர்ல கோடு போட்டிருக்கு. அது ரேடியேட்டருக்குப் போகுது. வெளிப்பக்கம் இருக்கறதுல கோடு இல்ல."

கோடு போட்ட வயருள்ள சாக்கெட்டைத் தேடினேன். கண்டன்ஸர் விசிறி என்று நினைத்து நான் கழற்றிப்போட்டிருந்தது அதுதான். அதை அதன் ஜோடியோடு மாட்டி, கையை எடுத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன்பே விசிறி சுற்றத் தொடங்கியது. இதைத்தான் சொல்ல வந்தேன்: விசிறி எந்த நொடியிலும் சுற்றலாம், விரலை அங்கே வைக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்து முள் இறங்கியதும், திருமங்கலத்தை மறந்துவிட்டு மெதுவாக வீடு திரும்பினேன். கேஸ்கெட் தப்பித்தது. தப்பாமல் போயிருந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டிவந்திருக்கும். அந்தச் செலவில் ஏ.சி.யையே சரிசெய்திருக்கலாம்.

அன்று இரவே உட்கார்ந்து காலிக் கட்டங்கள் எல்லாவற்றையும் நிரப்பினேன். மீதம் தொங்கிய சாக்கெட்டுகளில் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒவ்வொன்றிலும் படம் எண்ணை எழுதி ஒட்டினேன். ஏ.சி. ஃபியூஸையும் எடுத்துவிட்டேன், யாராவது பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தினாலும் அந்த வயர்களில் மின்சாரம் வராமல் இருக்க.

கம்ப்யூட்டரிலும் புரோகிராமை இப்படித்தான் பலர் அகற்றுகிறார்கள். 'சி' டிரைவில் 'புரோகிராம் பைல்ஸ்' போய், ஒரு போல்டரைப் பிடித்து டெலீட் செய்வார்கள். அந்தப் புரோகிராம் விண்டோஸில் வேறு எங்கெங்கே தன் பெயரைப் பதிந்திருக்கிறது, அதன் பைல்களை வேறு எது பயன்படுத்துகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' போய், பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் கழற்றும் வரிசையையும் எழுதி வைத்திருப்பார்கள்.

ஒரே பெல்ட் உள்ளவர்களுக்கு

கம்ப்ரஸரை எடுத்த பிறகு எத்தனை நீள பெல்ட் வாங்குவது? மூன்று புல்லி மீதமிருந்தால் நூலைச் சுற்றி அளப்பதே நல்லது. ஆல்டர்னேட்டரை அதன் நகரும் தூரத்தின் நடுவில் வைத்து, நீளாத சணல் கயிற்றைச் சுற்றி, அளந்து கடைக்காரரிடம் சொல்லுங்கள். வாட்டர் பம்பை டைமிங் பெல்ட்டே சுற்றும் சில வண்டிகளில் கிராங்க், ஆல்டர்னேட்டர் என இரண்டு புல்லிதான் மிஞ்சும். அதற்குக் கணக்கு உண்டு.

ஷீட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கட்டங்களில் பெரிய புல்லியின் விட்டம், சிறிய புல்லியின் விட்டம், இரண்டின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் எழுதுங்கள். நான்காவது கட்டத்தில் சமக்குறி இட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்: மையத் தூரத்தின் இரு மடங்கு, அதோடு இரண்டு விட்டங்களின் கூட்டலை 1.5708-ஆல் பெருக்கியது, அதோடு இரண்டு விட்டங்களின் வித்தியாசத்தை அதே வித்தியாசத்தால் பெருக்கி, மையத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தது. எண்களை டைப் செய்யாமல், அந்தந்தக் கட்டத்தை மவுஸால் கிளிக் செய்தால் அதன் முகவரி தானாக விழும். பிறகு அளவை மாற்றினால் விடையும் மாறும். வகுக்கும்போது அடைப்புக்குறி போட மறக்காதீர்கள்.

சோதித்துப் பார்க்க: 120, 60, 250 என்று கொடுத்தால் 500, 282.7, 3.6 ஆகிய மூன்றும் சேர்ந்து 786 மில்லிமீட்டர் சுமார் வரவேண்டும். வேறு விடை வந்தால் அடைப்புக்குறியில்தான் தவறு. பழைய பெல்ட்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள், அகலமும் வரிகளும் பொருந்த வேண்டுமே.

மைலேஜ் கூடியதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில் பெட்ரோல் கணக்கு வைத்திருக்கிறேன். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர், லிட்டர், அடுத்த கட்டத்தில் வகுத்தல். கழற்றும் முன்னும் பின்னும் உள்ள சராசரி வித்தியாசம் லிட்டருக்கு அரை கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் உள்ள ஏற்ற இறக்கமே அதைவிடப் பெரியது. கிளட்ச் ஒட்டாதபோது புல்லி மட்டும்தானே சும்மா சுற்றியது, எங்கிருந்து கூடும்? மைலேஜுக்காக இதைச் செய்யப் போகிறவர்கள் டயர் காற்றைச் சரிபார்த்தால் அதிக லாபம்.

மதுரையில் வண்டியோடு ஒன்றைச் சேர்ப்பதும் கழற்றுவதும் புதிதல்ல. இங்கே பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரியில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டுகளைத் தயாரித்தது. பெட்ரோல் திரும்பக் கிடைத்ததும் அவற்றுக்கு வேலை இல்லாமல் போனது.

எங்கள் கம்ப்ரஸரைப் பழைய இரும்புக்குப் போட அப்பா சம்மதிக்கவில்லை. வாய்களை அடைத்து, கோணியில் சுற்றி, பரணில் வைத்திருக்கிறார். கோணியின் மேல் போல்டரின் பெயரும், 1 முதல் 41 வரை என்ற படம் எண்களும் எழுதிய சீட்டு. அதே போல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி செய்து தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். ஷீட்டை ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, காரின் டாஷ்போர்டில் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்தாயிற்று. மெக்கானிக் அண்ணனிடம் கம்ப்யூட்டர் இல்லை. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி என் ஆம்னிக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க தம்பி" என்றார். அடுத்த ஞாயிறு அவரிடம் போகிறேன்.